பதின்மூன்றாம் தேதிப் பண்டிகை

நவம்பர் 23, ஞாயிறு

இவ்வாண்டு எங்கள் வீட்டு முகப்பில் சிவப்பு நட்சத்திரத்துக்குப் பதிலாக வெள்ளை நட்சத்திரம் கட்டுவதென்று இன்று காலை ஆராதனைக்குப் பின் முடிவு செய்யப்பட்டது. எங்களுக்குக் கல்யாணமான ஆண்டிலிருந்து மாறாமல் நின்ற ஒரு கொள்கை இத்துடன் முடிவுக்கு வருகிறது என்பதால் தேதியிட்டுப் பதிவு செய்கிறேன். சிவப்பின் சார்பில் நான் காபி ஆறும்வரை பேசினேன். வெள்ளையின் சார்பில் சுகிர்தம் அதிகம் பேசவில்லை. "வெள்ளையே இருக்கட்டும்ங்க. கண்ணுக்குக் குளுமையா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். பகலில் படுக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. எதிர்த்தரப்பு படுத்துவிட்டதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

காகித நட்சத்திரம் ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வடிவியல் பாடத்துக்காகப் பையன்கள் ஒட்டிப் பழகியது என்றும், பெத்லகேமுக்கும் அதற்கும் உள்ள உறவு பெத்லகேமுக்கும் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கும் உள்ள உறவே என்றும் அவளிடம் விளக்கினேன்.

"சரி, அதையும் மலர்ல எழுதிருங்க" என்றாள் கண்ணை மூடியபடி.

மலர் என்றால் எங்கள் சபையின் நூற்றைம்பதாம் ஆண்டு மலர். அதில் "கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் தோற்றமும் மாற்றமும்" என்ற கட்டுரை என்னுடையது. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவனை ஊர் இப்படித்தான் பயன்படுத்திக்கொள்ளும். சபைச் செயலாளர் ஐசக் பொன்னையா நாலு பக்கம் கேட்டிருக்கிறார். இப்போதே முப்பது ஆகிவிட்டது.

நவம்பர் 25, செவ்வாய்

சுகிர்தத்தின் வயிற்றுக் கோளாறுக்காக ஆஸ்பத்திரி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். அங்கே ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் நின்றது. கிளைகளில் பஞ்சை ஒட்டியிருந்தார்கள், பனியாம். நமது மாவட்டத்தில் பனி பெய்ததாக ஆதாரம் எதுவும் இல்லை. மரமும் ஜெர்மானியச் சரக்குதான். விக்டோரியா ராணியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒரு பத்திரிகையில் வந்தது; அதைப் பார்த்து இங்கிலாந்து மரம் வைத்தது; இங்கிலாந்தைப் பார்த்து நாம் வைத்தோம். இந்த ஆஸ்பத்திரி எதைப் பார்த்து வைத்தது என்று தெரியவில்லை. பஞ்சு மட்டும் அவர்களிடமே நிறைய இருக்கும்.

டாக்டர் பேசி முடித்துவிட்டு, "புரியுதா சார்?" என்று கேட்டார். புரிகிறது என்றேன்.

ஆட்டோவில் சுகிர்தம், "என்ன சொன்னாரு?" என்றாள்.

"கஞ்சியா குடிக்கச் சொன்னாரு."

"கிறிஸ்மஸ் வரைக்குமா?"

அதற்குப் பிறகும்தான் என்றேன். அவள் தெருவில் நட்சத்திரம் விற்கிற கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

தேதி பற்றிய பகுதி முடிந்தது. கட்டுரையின் முதுகெலும்பு இதுதான். நான்கு சுவிசேஷங்களிலும் கிறிஸ்து பிறந்த தேதி கிடையாது. முதல் முந்நூறு ஆண்டுகள் யாரும் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. பிறகு ரோமாபுரியில் டிசம்பர் 25 தலைகாட்டுகிறது. அதே நாளில் அங்கே சூரியனுக்கும் ஒரு விழா இருந்தது. எதைப் பார்த்து எது வந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அர்மீனியர்களுக்கு ஜனவரி 6. ருஷியர்களுக்கு ஜனவரி 7. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் பண்டிகையையே தடை செய்து கடைகளைத் திறக்கச் சொன்னது. தடை போட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர், மிதமிஞ்சிய பக்தர்கள்.

சுகிர்தத்துக்கு வாசித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். இதற்கு முன் எதையும் அவள் முழுவதுமாகக் கேட்டதில்லை.

"அப்ப தேதின்னு ஒண்ணு கிடையாது?"

"கிடையாது."

"அப்ப நாம பதின்மூணாம் தேதி வச்சா என்ன?"

எதை என்று கேட்டேன்.

"கிறிஸ்மஸைத்தாங்க. இருபத்தஞ்சாம் தேதின்னா ஹெப்சிபா வரமாட்டா. பதின்மூணு சனிக்கிழமை. அன்னைக்கு வெறும் நாள்தானே? வெறும் நாள்ல வாரதுக்கு அவுக சபையில என்ன சொல்லப்போறாவ?"

ஹெப்சிபா எங்கள் ஒரே மகள். கோயம்புத்தூரில் இருக்கிறாள். கல்யாணமான பின் மாப்பிள்ளை எட்வினோடு ஒரு சிறு சபையில் சேர்ந்துவிட்டாள். வேதத்தில் இல்லாத எதையும் அவர்கள் ஆசரிப்பதில்லை. கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லை. மே மாதம் வருவாள், ஆகஸ்டில் வருவாள், டிசம்பரில் மட்டும் வந்ததே இல்லை. அவளுடைய பிள்ளைகள் இந்த வீட்டில் நட்சத்திரம் எரிந்து பார்த்ததில்லை.

உடம்பு சரியில்லை என்று சொன்னால் நாளைக்கே வருவாளே என்றேன்.

"வருவா. அழுதுக்கிட்டு வந்து கால்மாட்டுல உக்காந்திருப்பா. எனக்கு அது வேண்டாம். பிள்ளைகளோட வந்து, பலகாரம் தின்னுட்டு, நாலு வார்த்தை சண்டை போட்டுட்டுப் போகணும். நான் அடுப்படியில நிக்கத நீங்க எல்லாரும் பாக்கணும். டாக்டர் சொன்னத அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாதீங்க."

டாக்டர் கஞ்சியைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை என்றேன்.

"ஆமா" என்றாள்.

டிசம்பர் 1, திங்கள்

இன்று மகளோடு பேச்சுவார்த்தை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள் சுகிர்தம். என்னை வாய் திறக்கக் கூடாது என்று ஜாடை காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"பதின்மூணாம் தேதி வாயேம்ளா. பிள்ளைகளையும் கூட்டிட்டு."

"அன்னைக்கு என்னம்மா விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்லட்டி. முந்திரிக்கொத்து சுடலாம்னு இருக்கேன்."

"அம்மா." மகளின் குரலில் சிரிப்பும் எச்சரிக்கையும் கலந்திருந்தன. "முந்திரிக்கொத்து நீ எப்ப சுடுவேன்னு எனக்குத் தெரியாதா? ஸ்டார் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. நீ வாரன்னா அன்னைக்குக் கழட்டிருதோம்."

"மரம்?"

"மரம் வைக்கல. உங்கப்பா அது ஜெர்மன்காரனோடதுங்காவ."

"அப்பா அங்கனதான் இருக்காவளா? எங்க வீட்டுக்காரர் முன்னால கிறிஸ்மஸ் வரலாறுன்னு ஆரம்பிச்சிருவாவளேம்மா. போன தடவை ஆகஸ்ட் மாசத்துலயே ஆரம்பிச்சாவ."

"அன்னைக்கு முழுக்க வாயைத் திறக்கமாட்டாவ. நான் பொறுப்பு."

"அப்பாவா?"

மறுமுனையில் ஹெப்சிபா சிரித்தாள். இந்த முனையில் சுகிர்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரிப்பதற்கு நான் பல வருடங்களாகக் காரணமாக இருந்து வருகிறேன். மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்வதாக மகள் சொன்னாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

அனுமதி வந்தது. சும்மா அம்மாவைப் பார்க்கப் போவது பாவம் ஆகாது என்று எட்வின் சொல்லிவிட்டாராம். பண்டிகை என்ற பேச்சு மட்டும் கூடாது. சுகிர்தம் இன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

டிசம்பர் 4, வியாழன்

முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்தேன். சுகிர்தம் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவிட்டாள். பாசிப்பயறு சிவக்க வேண்டும், கருகக் கூடாது என்பது உத்தரவு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது என்பதை அனுபவத்தில் கண்டேன். முதல் ஈடு கருகியது.

முந்திரிக்கொத்து என்ற பலகாரத்தில் முந்திரியும் இல்லை, அதற்கு வேத ஆதாரமும் இல்லை என்று சொன்னேன். நம் முன்னோர்கள் மதம் மாறியபோது சாமியை விட்டார்கள், எண்ணெய்ச்சட்டியை விடவில்லை. தீபாவளிக்கு எதிர்வீட்டார் கொடுத்த பலகாரத்துக்குப் பதில் மரியாதை செய்ய ஒரு நாள் தேவைப்பட்டது. மிஷனரி துரைமார் கேக்கோடு வந்தபோது இங்கே அதிரசம் ஏற்கெனவே ஆறிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் கட்டுரையில் தனி அத்தியாயமாக எழுதியிருக்கிறேன்.

"ஏங்க, பயறைக் கிண்டுங்க" என்றாள் சுகிர்தம்.

பாகு பதத்தை அவள் நாற்காலியிலிருந்தே வாசனையில் சொன்னாள். உருண்டையை மாவில் முக்கி எண்ணெயில் போடுகிற வேளையில் எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றைப் பிட்டு வாயில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு ருசி தெரியவில்லை போலும். சரியாகவே இருந்தது.

டிசம்பர் 6, சனி

ஐசக் பொன்னையா தேதிப் பகுதியை மட்டும் எடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார், மலருக்கு விளம்பரமாம். இருவர் கை கூப்பினார்கள். ஒருவர் ரோஜாப்பூ வைத்தார். வாசித்ததாக யாரும் சொல்லவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

வாசித்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் அல்ல.

ஐசக் பொன்னையா காலையிலேயே வந்து போனை நீட்டினார். "சார்வாள், கோயம்புத்தூர்ல உங்க பேரைச் சொல்லிப் பிரசங்கம் பண்ணுதாவ." அதிலிருந்த வீடியோவில் ஹெப்சிபாவின் பாஸ்டர் நேற்றைய ஆராதனையில் என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார். "பாருங்க, அந்தச் சபைப் பேராசிரியரே ஒத்துக்கிட்டார்! கிறிஸ்மஸ் சூரியனுக்கு வச்ச பண்டிகைன்னு அவரே எழுதிட்டார்! அல்லேலூயா!" எதைப் பார்த்து எது வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்ற என் வாக்கியத்தை அவர் வாசிக்கவில்லை. என் பெயரையும் தப்பாக உச்சரித்தார். ஜெபநேசன் என்பதில் தடுமாற என்ன இருக்கிறது?

"பதில் போடணும் சார்வாள். நம்ம குழுவுல கொந்தளிக்காவ" என்றார் ஐசக்.

இப்படிப்பட்ட சச்சரவுகளில் எனக்கு அக்கறை இல்லை என்று அவரை அனுப்பிவிட்டு, உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தேன்.

சுகிர்தத்துக்கு மதியம் வலி. மாத்திரை கொடுத்தேன். கொடுக்க வேண்டிய நேரம் சற்றுத் தாண்டிவிட்டது, ஒரு பத்தி பாக்கி இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

பதில் முடிந்தது. நான் எழுதியவற்றில் இது சிறந்தது என்று நினைக்கிறேன்.

வாதம் இதுதான். ஒரு பண்டிகை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி, அது இப்போது என்னவாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. தொழுவக் காட்சியை இத்தாலியில் ஒரு துறவி ஆரம்பித்தார். அதனால் அது இத்தாலியர்களுக்கு மட்டும் சொந்தமாகிவிடவில்லை. இங்கிலாந்தில் தடை போட்ட காலத்தில் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் பண்டிகை வைத்தார்கள். பாராளுமன்றத்தால் நாள்காட்டியைத்தான் திருத்த முடிந்தது, சமையலறையைத் திருத்த முடியவில்லை. தேதி நகரும், தின்பண்டம் மாறும், ஆனால் பிரிந்திருப்பவர்கள் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் அன்றைக்குப் பண்டிகை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. சான்று இல்லாத கூற்றுக்கு மதிப்பெண் போடாத ஆள் நான். ஆகவே கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: "இதை நான் ஏட்டளவில் சொல்லவில்லை. என் சொந்த வீட்டில் இவ்வாண்டு கிறிஸ்துமஸ் டிசம்பர் 13 அன்றே கொண்டாடப்படுகிறது. அப்பண்டிகையை ஏற்காத சபையைச் சேர்ந்த உறவினர்களும் கோயம்புத்தூரிலிருந்து வந்து அதில் கலந்துகொள்கிறார்கள்."

இதை வைக்கலாமா என்று சற்று யோசித்தேன். மகள் என்று போடவில்லை, உறவினர்கள் என்றுதான் போட்டிருக்கிறேன். வைத்தேன்.

டிசம்பர் 10, புதன்

ஐசக் பொன்னையா எல்லாக் குழுக்களிலும் அனுப்பிவிட்டார். "செம அடி சார்வாள்!" என்றார். இம்முறை ரோஜாப்பூக்கள் நிறைய. பக்கத்துச் சேகரத்துச் சபையிலிருந்து ஓர் உபதேசியார் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். கடைசிப் பத்திதான் வாதத்தை நிலைநிறுத்துகிறது என்று அவரும் அபிப்பிராயப்பட்டார்.

சுகிர்தம் புது சேலைக்கு ஓரம் அடிக்கக் கொடுத்து வாங்கினாள். பேரப்பிள்ளைகளுக்கு எடுத்த துணிகளை ஹெப்சிபாவின் கண்ணில் படாமல் பீரோவில் வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் துணி என்று சொல்லக் கூடாதாம். சும்மா துணி.

டிசம்பர் 11, வியாழன்

ஹெப்சிபா போன் செய்தாள்.

"அப்பா, நீங்க எழுதுனத பாஸ்டர் வாசிச்சிட்டாவ. ஜெபக்கூட்டத்துல எல்லார் முன்னாலயும் எங்க வீட்டுக்காரரை எழுப்பி நிறுத்தி, கிறிஸ்மஸ் கொண்டாடத்தான் போறீங்களான்னு கேட்டாவ. அவியளுக்கு இது ஒண்ணுமே தெரியாது. அம்மாவைப் பாக்கப் போறோம்னு நின்னாவ. அதுக்கு மேல பாஸ்டர் உங்க கட்டுரையை வாசிச்சுக் காட்டுனாவப்பா."

கட்டுரையில் பெயர் எதுவும் குறிப்பிடவில்லை என்றேன்.

"கோயம்புத்தூர்ல இருந்து வேற யாருப்பா உங்க வீட்டுக்கு வாரா?"

பண்டிகையின் தேதி வரலாற்று ரீதியாக நிலையற்றது என்பதே என் வாதம் என்றும், அந்த வகையில் அவர்கள் சபையின் நிலைப்பாட்டுக்கும் என் நிலைப்பாட்டுக்கும் பெரிய முரண் இல்லை என்றும் விளக்கினேன்.

"ஒரு நாள். ஒரே ஒரு நாள் பேசாம இருக்க முடியாதாப்பா உங்களால?" அழுகிறாள் என்று தோன்றியது. "அம்மாட்ட குடுங்க."

சுகிர்தம் போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் போடவில்லை.

"சரிட்டி... சரி... மாப்பிள்ளையைக் குறை சொல்லாத... அழாத... எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்... பிள்ளைகளுக்கும் பரீட்சை இருக்குல்லா... ஆமா, பிறகு பாப்போம்."

வைத்துவிட்டு, "என்ன எழுதுனீங்க?" என்று கேட்டாள். கொண்டுவந்து வாசித்தேன். சமையலறையைத் திருத்த முடியவில்லை என்ற வாக்கியத்துக்கு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு கொஞ்சம் வெந்நீர் கேட்டாள்.

டிசம்பர் 13, சனி

காலையில் நட்சத்திரத்தைக் கழற்றச் சொன்னாள். ஒருவேளை மனம் மாறி வந்துவிட்டால் என்றாள். கழற்றினேன். புது சேலையைக் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். மதியம் இலை போட்டேன். அவள் ஒரு கவளம் சாப்பிட்டாள். மாலையில் நட்சத்திரத்தை மறுபடி கட்டச் சொன்னாள். கட்டினேன்.

டிசம்பர் 15, திங்கள்

ஹெப்சிபாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். எந்த விஷயம் என்று அவள் கேட்கவில்லை.

"வேண்டாம்ங்க. இருபத்தாறாம் தேதிக்குக் கூப்பிடுங்க. இருபத்தாறு வெறும் நாள்தானே?"

இங்கிலாந்தில் அதற்கும் ஒரு பெயர் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

போன் செய்தேன். இருபத்தாறு வரலாம் என்று ஹெப்சிபா சொன்னாள். அதை மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள் என்றும் சொன்னாள். இந்த நோட்டை யாரும் வாசிப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 17, புதன்

மலரின் அச்சு மெய்ப்பு வந்தது. என் கட்டுரையை நாலு பக்கமாக வெட்டிவிட்டார்கள். அர்மீனியர்கள் போய்விட்டார்கள். சுகிர்தம் இன்று எழுந்திருக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெய்ப்பைத் திருத்தினேன். ஸ்காட்லாந்தில் பல தலைமுறைகள் கிறிஸ்துமஸ் சாதாரண வேலைநாளாகவே இருந்தது என்ற வரியையும் எடுத்துவிட்டார்கள். அவளிடம் சொன்னேன். "பாவம்" என்றாள். யாரை என்று தெரியவில்லை.

டாக்டர் வீட்டுக்கு வந்து ஊசி போட்டார். மகள் எங்கே என்று கேட்டார். இருபத்தாறு வருகிறாள் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். "முன்னாலயே வரச் சொல்லுங்க சார்" என்றார்.

சுகிர்தத்திடம் கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவளுடைய விருப்பம் அதுவென்றால் மீறுவது முறையல்ல.

டிசம்பர் 19, வெள்ளி

இன்று ஒருமுறை கண் திறந்து, "தேதி என்ன?" என்று கேட்டாள். சொன்னேன்.

டிசம்பர் 20, சனி

ஹெப்சிபாவுக்குப் போன் செய்தேன். கட்டுரையில் எழுதுவதுபோல் வாக்கியங்கள் வரவில்லை. "உடனே வா" என்றேன். இரவு ரயிலுக்கு இடம் கிடைக்காமல் காரில் கிளம்புகிறார்கள்.

டிசம்பர் 22, திங்கள்

நேற்று காலை, ஆராதனைக்கு முதல் மணி அடித்தபோது சுகிர்தம் காலமானாள். கார் அப்போது கோவில்பட்டியைத் தாண்டியிருந்தது. இன்று மாலை அடக்கம். கூட்டம் இருந்தது. குருவானவர் சுருக்கமாகப் பேசினார்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் ஹெப்சிபா கேட்டாள். "எப்பலருந்து உங்களுக்குத் தெரியும்?"

நவம்பர் 25 என்றேன். எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த தேதி அது ஒன்றுதான்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்வின் அவளை உள்ளே அழைத்துப் போனார். நல்ல மனிதர். பந்தலுக்கு நாற்காலிகளை அவர்தான் எண்ணி அடுக்கினார்.

டிசம்பர் 25, வியாழன்

துக்க வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. நட்சத்திரம் கட்டுவதில்லை, எண்ணெய்ச்சட்டி ஏற்றுவதில்லை, கேரல் பாட வருபவர்களும் பாடாமல் கடந்துபோவார்கள். ஹெப்சிபாவும் எட்வினும் பிள்ளைகளும் இன்று முழுவதும் வீட்டில் இருந்தார்கள். மதியம் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம், சோறும் ரசமும். கொண்டாட்டம் இல்லை என்பதால் அவர்களுடைய சபையிலிருந்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை ஊருக்குத் திரும்புகிறார்கள்.